கடலின் கண்காணாத் துகள்களும் காமிராவும்

கடல் மாசைப் பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு புகைப்படம் தவறாமல் எடுத்துக்காட்டப்படுவதைக் கவனித்திருக்கிறேன். குப்பையால் மூடுண்ட ஒரு நீர்ப்பரப்பு. தண்ணீர் என்று சொல்லக் கையகல இடமும் அதில் தென்படாது. நடுவே ஒருவர் சிறு தோணியில் அமர்ந்து துடுப்பு வலித்துக்கொண்டிருப்பார். பசிபிக் மாகடலின் நடுவில் மிதக்கும் 'குப்பைத் தீவு' இதுவே என்று படத்தின் கீழ் எழுதியிருக்கும். படத்தில் குற்றமில்லை, குற்றம் அதன் கீழுள்ள எழுத்தில். அது பிலிப்பைன்ஸ் தலைநகரான மணிலாவின் துறைமுகப் பகுதியில் எடுக்கப்பட்ட படம். இத்தவறு பலமுறை சுட்டிக்காட்டப்பட்ட பின்னும் அப்படம் ஓய்ந்தபாடில்லை. சுற்றுச்சூழல் பற்றி நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்திலும் அதே படத்தைத் திரையில் காட்டினார்கள். முன்வரிசையில் அமர்ந்து நானும் தலையசைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொய்யான அப்படம் இவ்வளவு எளிதில் நம்பப்படுவதற்குக் காரணம் உண்டு. உண்மையான இடத்துக்குச் சென்று படம் எடுத்தால் அதில் நீலக் கடலைத் தவிர ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. 1997ஆம் ஆண்டில் பாய்மரப் படகுப் போட்டி ஒன்றை முடித்துக்கொண்டு ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சார்லஸ் மூர் என்ற அமெரிக்கர், கப்பல்கள் அதிகம் செல்லாத ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார். நாள்தோறும் மேல்தளத்தில் நின்று பார்த்தபோதெல்லாம் பிளாஸ்டிக் துண்டு ஏதேனும் மிதந்து சென்றது. அவர் கண்டது அவ்வளவே. தீவு எதனையும் அவர் காணவில்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அப்பகுதியின் பரப்பை 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும், அதில் மிதக்கும் துண்டுகளை 1.8 லட்சம் கோடி என்றும் மதிப்பிட்டது. எண்ணிக்கையில் 94 விழுக்காடு, ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்பிளாஸ்டிக் துகள்கள். எடையிலோ அவை 8 விழுக்காடு மட்டுமே. எண்ணினால் ஏறத்தாழ எல்லாமே அவைதாம்; நிறுத்தால் அற்பம்; பார்த்தால் இல்லவே இல்லை. 2004ஆம் ஆண்டில் ரிச்சர்ட் தாம்ப்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தம் கட்டுரையில் இத்துகள்களைப் பற்றி எழுதிய பிறகே 'நுண்பிளாஸ்டிக்' என்ற சொல் அறிவியல் உலகில் நிலைபெற்றது. பொருள் கடலில் சேர்ந்து பல பத்தாண்டுகள் கழித்தே அதற்குப் பெயர் வாய்த்தது.

கண்ணுக்கே தென்படாத ஒன்றைப் படம்பிடிக்கப் புறப்பட்ட கலைஞர்கள் என்ன செய்தார்கள், எவ்வளவு தூரம் வென்றார்கள், எங்கே வழுக்கினார்கள் என்பதே இக்கட்டுரையின் விசாரணை. இதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். வெகுதூரம் தேடாமல் நம் கைவசமுள்ள ஒரு பழைய நூலையே எடுத்துக்கொள்கிறேன்.

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) வாக்கில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதமை, ஒளியியலின் முன்னோடி என்று போற்றுவதோடு நம் மேடைகள் நிறுத்திக்கொள்கின்றன. இருட்டறையில் துளைவழி ஒளி புகுந்து செய்வதை ஆராய்ந்தவர் என்பதால் காமிராவையே அவர் கணக்கில் எழுதிவிடும் ஆர்வமும் நம்மிடையே உண்டு. அது மிகை. அவருடைய 'கிதாபுல் மனாளிர்' நூலின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பார்வை எப்போது பிழைக்கிறது என்பதற்கு அவர் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். ஒரு பொருள் சரியாகப் புலப்பட வேண்டுமானால் அது கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். மிகத் தொலைவிலோ மிக நெருக்கத்திலோ இருத்தலாகாது. அதன்மேல் ஒளி விழ வேண்டும். அது அளவில் மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. ஒளியை முற்றிலும் ஊடுருவ விடுவதாக இருக்கக் கூடாது. இடைப்பட்ட வெளி தெளிவாக இருக்க வேண்டும். பார்ப்பதற்குப் போதிய நேரம் வேண்டும். கண்ணும் நலமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அளவு தவறினாலும் பார்வை பிழைபடும். அப்பிழையையும் அவர் மூன்றாகப் பகுக்கிறார்: வெறும் புலனளவில் நேரும் பிழை, முன்பு அறிந்த ஒன்றாக அடையாளம் கொள்வதில் நேரும் பிழை, கண்டதிலிருந்து காணாததை ஊகிப்பதில் நேரும் பிழை.

கடலில் மிதக்கும் நுண்துகளை இந்நிபந்தனைகளின் முன் வைத்துப் பாருங்கள். அளவில் சிறிது, பல துகள்கள் நிறமற்றவை, இடைப்பட்டதோ அலையும் நீர், படகு கடந்துவிடுவதால் நேரமும் இல்லை. நீலக் கடலைப் பார்த்து 'சுத்தமாக இருக்கிறது' என்பது முதற்பிழை. மீனும் பறவையும் துகளை இரையென்று எண்ணுவது இரண்டாவது. மணிலாப் படத்தைக் கண்டு பசிபிக் கடலும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டியது மூன்றாவது. அதில் எனக்கும் பங்குண்டு. இவ்வகைப் புகைப்படம் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இப்படம் இம்மூன்று பிழைகளில் எதைத் திருத்துகிறது? அதற்குக் கூலியாக வேறெந்தப் பிழையை நமக்குள் விதைக்கிறது?

அமெரிக்கரான கிறிஸ் ஜோர்டனிலிருந்து தொடங்கலாம். 2009ஆம் ஆண்டில் அவர் பசிபிக் நடுவிலுள்ள மிட்வே தீவுக்கூட்டத்துக்குச் சென்றார். எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இடம் அது. அங்கு ஆல்பட்ராஸ் பறவைகள் லட்சக்கணக்கில் கூடு கட்டுகின்றன. தாய்ப்பறவைகள் கடற்பரப்பில் மிதப்பவற்றை இரையென்று அள்ளிவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. இறந்து மக்கிய குஞ்சுகளின் உடல்களை ஜோர்டன் நேர்மேலிருந்து படமெடுத்தார். இறகும் எலும்பும் மண்ணோடு கலந்து கிடக்க, வயிறு இருந்த இடத்தில் மட்டும் போத்தல் மூடிகளும் தீப்பற்றவைக்கும் லைட்டர்களும் நிறம் மங்காமல் குவிந்திருக்கும். துண்டு ஒன்றைக்கூடத் தாம் நகர்த்தி வைக்கவில்லை என்று அவர் அறிவித்திருக்கிறார். இப்படங்களின் வலிமைக்கு அந்த அறிவிப்பே ஆணிவேர். அவற்றை நாம் சாட்சியமாக ஏற்பது அதனால்தான்.

சாட்சியம் என்றதும் அதன் எல்லையையும் கேட்க வேண்டியிருக்கிறது. கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது சாட்சிக்குரிய நிபந்தனை. அக்குஞ்சின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது என்பதற்கு இப்படம் சாட்சி. அதனால்தான் குஞ்சு இறந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. பார்ப்பவர் மனம் சொல்லிக்கொள்கிறது. அத்தீவில் குஞ்சுகள் பசியாலும் தாகத்தாலும் சாவதுண்டு. பிளாஸ்டிக் இல்லாத வயிறோ அரிது. ஜோர்டன் நம்மை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வகைப் பிழைக்கு இடம் வைத்திருக்கிறார் என்றே சொல்கிறேன். மேலும், இப்படங்கள் சாத்தியமானது அங்கே ஓர் உடலும், கண்ணுக்குத் தெரியும் அளவில் பொருள்களும் இருந்ததால். நுண்துகளுக்கு இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. மிதவையுயிரி ஒன்றின் உடலுக்குள் புகுந்த துகளைப் படமெடுத்து எவரையும் அழவைக்க இயலாது.

அதே 2009இல் அவர் செய்த இன்னொரு படைப்பு எண்ணிக்கையின் வழியே நுழையப் பார்த்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற பேரலை ஓவியத்தைப் பசிபிக் கடலிலிருந்து சேகரித்த பிளாஸ்டிக் துண்டுகளின் படங்களைக் கொண்டு மீண்டும் அமைத்தார். 24 லட்சம் துண்டுகள். ஒரு மணி நேரத்தில் உலகக் கடல்களில் சேரும் பிளாஸ்டிக் இத்தனை பவுண்டு எடையிருக்கும் என்ற மதிப்பீட்டின்படி அமைந்த எண் அது. தள்ளி நின்றால் அலை, நெருங்கினால் குப்பை. திறமையான வேலைதான். ஆயினும் பார்த்தவர் நினைவில் தங்குவது அலையே, எண் கழன்றுவிடுகிறது.

மாண்டி பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் படங்களிடம் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 1964இல் பிறந்த இவர் கடற்கரைகளிலிருந்து பிளாஸ்டிக் பொருள்களைப் பொறுக்கியெடுத்து, தூய கருமையான பின்னணியில் அடுக்கடுக்காக வைத்துப் படமெடுக்கிறார். பெரியன முன்னே, சிறியன பின்னே, தூளானவை இன்னும் பின்னே என்று அமைவதால் கருநிற ஆழத்தில் அவை மிதப்பன போலத் தோன்றும். முதற்பார்வைக்கு நட்சத்திரங்கள் இறைந்த வானம். இவ்வரிசைக்கு 'சூப்' என்று பெயரிட்டிருக்கிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் உணவுப் பொட்டலத்தில் அச்சிடுவது போலச் சேர்மானங்களின் பட்டியல் இருக்கும். ஒரு படத்தின் பட்டியல், இவை விலங்குகள் மென்று பார்த்த துண்டுகள் என்கிறது. கூடுதல் சேர்மானம் அவ்விலங்குகளின் பற்கள். இன்னொன்றில் இருப்பவை ஒரே ஓர் ஆல்பட்ராஸ் குஞ்சின் குடலிலிருந்து எடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். அழகால் ஈர்த்து, பிறகு செய்தியால் அதிரவைப்பதே தம் நோக்கம் என்பதை அவர் மறைப்பதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். எழாவிட்டால் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அழுக்கை அழகாக்கிக் காட்டுவது நேர்மையா? இப்னுல் ஹைதம், கண்ணால் உணரப்படும் பண்புகள் இருபத்திரண்டைக் கணக்கிட்டபோது எண்ணிக்கை, வடிவம், நிழல் ஆகியவற்றோடு அழகையும் (ஹுஸ்ன்) அவலட்சணத்தையும் (குப்ஹ்) சேர்த்தே எண்ணினார். அழகு பொருளின் நல்லொழுக்கத்துக்குச் சான்றிதழ் அன்று. நிறமும் ஒழுங்கும் இடைவெளியும் பொருந்தி அமைந்தால் கண்ணில் நேர்வது அது. அவ்வளவில், பிளாஸ்டிக் துண்டுகளின் அழகு பார்க்கர் பூசியதன்று. அவற்றுக்கு நிறமூட்டிய ஆலையில் ஏற்கெனவே பூசப்பட்டது. கடைத்தெருவில் அதே நிறங்களைப் பார்த்து மயங்கித்தான் நாமும் வாங்குகிறோம். எனவே அழகைக் காட்டியதற்காக அவரைக் குறைகூற மாட்டேன்.

என் குறை அந்தக் கருமையின் மேல். அது கடலை அழித்துவிடுகிறது. நீர் இல்லை, அடிவானம் இல்லை, கரை இல்லை, ஊர் இல்லை. எந்தக் கடலின் குப்பை, எந்த ஆற்றின் வழியே வந்தது, எவர் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டது என்று கேட்கப் படத்தில் பிடிமானம் கிடைக்காது. எல்லார்க்கும் பொதுவான குற்றம் எவர்க்கும் உரியதாகாது. ஆசிரியரும் இக்குறையை உணர்ந்திருப்பார் போலும். அவருடைய பிந்திய வரிசைகளில் இடம் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. ஹாங்காங் கடற்கரைகளில் சேகரித்தவற்றைக் கொண்டு செய்த வரிசையின் பெயரில் 1826 என்ற எண்ணைச் சேர்த்தார். அந்நகரம் அக்காலத்தில் நாள்தோறும் குழியில் புதைத்த பிளாஸ்டிக்கின் டன் கணக்கு அது. உலகக் கால்பந்துப் போட்டி நடந்த 2014இல், பல நாட்டு மக்கள் கரைகளில் பொறுக்கி அனுப்பிய 992 பந்துகளைப் படமாக்கினார். இவை நல்ல முயற்சிகள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

2012ஆம் ஆண்டு வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. முந்திய ஆண்டு ஆழிப்பேரலை வாரிச்சென்ற ஜப்பானியச் சிதைவுகளைத் தேடி, ஜப்பானிலிருந்து ஹவாய்க்குச் சென்ற ஓர் ஆய்வுப் பயணத்தில் அவர் கலந்துகொண்டார். அப்படங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே பெயராகத் தாங்குகின்றன. இடம் குறிக்கப்பட்டுவிட்டது, என் மனமோ வேறொன்றில் தடுக்கிற்று. அப்பொருள்களை எவரும் குப்பையென்று வீசவில்லை. அவை வீட்டோடு பறிபோனவை. சில வீடுகளில் உடையவர்களும் சேர்ந்தே போனார்கள். அவற்றையும் வீசியெறிந்த போத்தல் மூடியையும் ஒரே கருமையில், ஒரே ஒழுங்கில் வைக்கலாமா? கடலுக்கு வேறுபாடில்லை என்பது சரி. கலைஞருக்கு இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கரைகளில் ஒதுங்கியவற்றைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இனி, அவருடைய சிறந்த படைப்பு என்று நான் கருதுவதற்கு வருகிறேன். 2017இல் வெளியான அந்நூலின் பெயரைத் தமிழில் 'மிதத்தலுக்கு அப்பால்: அரைகுறையாக அறியப்பட்ட விலங்குகள்' என்று சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். கையில் எடுத்ததும், பழைய புத்தகக் கடையில் தப்பிப் பிழைத்த விலங்கியல் நூலோ என்று எண்ணினேன். அவ்வாறு எண்ண வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள்.

அதற்கொரு வரலாறு உண்டு. ஜான் வாகன் தாம்ப்சன் என்ற இராணுவ மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் பணியாற்றினார். மெல்லிய வலையைக் கடலில் இழுத்து, அதில் சிக்கும் நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மிதவையுயிரிகளை இம்முறையில் ஆராய்ந்த முதல்வர்களுள் ஒருவர். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற உயிரைச் சிப்பி இனம் என்று அறிஞர்கள் கொண்டிருந்த காலத்தில், அதன் இளம்பருவத்தைப் பார்த்து அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது என்று நிறுவியவர். வெளித்தோற்றத்தின் ஒப்புமையை நம்பி நேர்ந்த பிழையை, சிறியதைப் பொறுமையாகப் பார்த்துத் திருத்திய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அவர் நூலின் தலைப்பிலிருந்தே 'அரைகுறையாக அறியப்பட்ட விலங்குகள்' என்ற தொடரை பார்க்கர் எடுத்துக்கொண்டார்.

தாம்ப்சன் வலை வீசிய அதே கார்க் துறைமுகக் கரைகளுக்கு பார்க்கர் சென்றார். அவருக்குக் கிடைத்தவை பிளாஸ்டிக் பொருள்கள். காலாவதியான ஃபிலிமைப் பழுதடைந்த பழைய காமிராக்களில் இட்டு, அப்பொருள்கள் அசையும் நிலையில் படமெடுத்தார். விளிம்புகள் மங்கின, துகள் துகளாகப் பிம்பம் பிரிந்தது, உடைந்த பொம்மையும் கிழிந்த பையும் உணர்கொம்பு நீட்டி நீந்தும் உயிர்களாக மாறின. நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் தெரிவன போன்ற படங்கள். ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பாணியில் ஒரு விலங்கியற் பெயர்; அப்பெயர்களின் எழுத்துகளுக்குள் 'பிளாஸ்டிக்' என்ற சொல் ஒளிந்திருக்கும். நான் பல பக்கங்களைப் புரட்டி, வியந்து, என்ன படைப்பு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்ட பிறகே பெயர் ஒன்றை உற்றுப் படித்தேன். அதுவரை நான் மீனாக இருந்தேன்.

இந்நூலின் வெற்றி இதில்தான். மற்றப் படங்கள் உயிர்கள் ஏமாறுவதை நமக்குச் சொல்கின்றன. இந்நூல் ஏமாறும் அனுபவத்தையே நமக்குத் தருகிறது. இப்னுல் ஹைதமின் பட்டியலில் அழகுக்கும் அவலட்சணத்துக்கும் அடுத்து வருவது ஒப்புமை (தஷாபுஹ்), வேற்றுமை (இக்திலாஃப்) என்ற இணை. கடல் மாசின் முழுச் சிக்கலும் இந்த இணைக்குள் அடங்குகிறது. இரையும் துகளும் கண்ணுக்கு ஒப்ப, வயிற்றுக்கு ஒவ்வாமற்போவதே நிகழ்வது. மிதவையுயிரிகள் நுண்பிளாஸ்டிக்கை உட்கொள்வது ஆய்வகங்களில் உறுதிசெய்யப்பட்ட செய்தி. அச்செய்தியைப் புள்ளிவிவரமாக ஒப்பிக்காமல், நம் கண்ணையே சோதனைக்கூடமாக்கிக் காட்டியிருக்கிறார். இங்கும் பின்னணி கருமைதான். ஆனால் இக்கருமைக்கு நுண்ணோக்கிக் குழலின் நியாயம் இருக்கிறது. கார்க் என்ற ஊரும் இருக்கிறது.

ஒரு பக்கவாட்டுச் செய்தி. உயிருள்ளவற்றின் உருவத்துக்கு ஒரு சட்டமும் மரம், மலை போன்றவற்றின் உருவத்துக்கு வேறு சட்டமும் என்று ஃபிக்ஹ் நூல்கள் பிரித்துப் பேசுவதை அறிவோம். புகைப்படம் இவற்றில் எங்கே சேரும் என்று மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இஷாவுக்குப் பிறகு விளக்கணையும் வரை வாதிட்டிருக்கிறோம். பார்க்கரின் இப்படங்களை அன்று எவரேனும் கொண்டுவந்து காட்டியிருந்தால் எங்கள் உஸ்தாத் சிறிது நேரம் மௌனமாகியிருப்பார். எடுக்கப்பட்டதோ ரூஹ் இல்லாத பொருளின் படம். கண் காண்பதோ நீந்தும் ஜீவன்.

அந்தப் பெயர்களைக் கற்பனை விளையாட்டு என்று ஒதுக்கவும் வழியில்லாமல் போயிற்று. 2020ஆம் ஆண்டில், மரியானா அகழியில் ஆறாயிரம் மீட்டருக்கும் கீழான ஆழத்தில் பிடிபட்ட, இறாலுக்கு உறவான புதிய உயிரினம் ஒன்றுக்கு 'யூரிதீனீஸ் பிளாஸ்டிகஸ்' என்று அறிவியலாளர்கள் பெயரிட்டார்கள். அதன் குடலில் போத்தல்கள் செய்யும் பிளாஸ்டிக்கின் இழை இருந்தது. கலைஞர் 2017இல் விளையாட்டாகச் செய்ததை மூன்றாண்டுகளில் விலங்கியல் தன் பதிவேட்டிலேயே எழுதிக்கொண்டது.

பார்க்கரின் அடுத்த பெரும் முயற்சி ஆடைகளைப் பற்றியது. 1843இல் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கடற்பாசிகளை வேதியுப்பு பூசிய தாளில் கிடத்தி வெயிலில் வைத்து, நீலப் பரப்பில் வெண்ணிழல்களாகப் பதிவுசெய்து நூலாக்கத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவே என்பர். பார்க்கர் அதே முறையில், அதே தோற்றத்தில், பாசிகளுக்குப் பதிலாகக் கடலில் கிடைத்த துணித் துணுக்குகளைப் பதித்திருக்கிறார். நார் பிரிந்த துணி அச்சாகப் பாசியாகத் தெரிகிறது. செயற்கை இழைத் துணிகள் ஒவ்வொரு சலவையிலும் கண்காணா இழைகளை உதிர்க்கின்றன; அவை கழிவுநீரோடு கடலைச் சேர்கின்றன. இதை எழுதும்போது நான் அணிந்திருக்கும் ஜிப்பாவிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. காமிராவே இல்லாமல், பொருள் தன் நிழலைத் தானே எழுதும் இம்முறை நுண்பிளாஸ்டிக்குக்கு மிகப் பொருத்தமானது என்றாலும், கார்க் நூலின் திடுக்கிடல் இதில் இல்லை. ஒருமுறை ஏமாந்த கண் இரண்டாம் முறை விழிப்பாக இருக்கிறது.

இவ்வளவு நேரம் பேசியவை யாவும் கலைக்கூடத்தில் பிறந்த படங்கள். கரையில் பிறந்த படங்கள் நமக்கு அண்மையிலேயே உண்டு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. அதில் இருந்த ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. கடலில் நேர்ந்த பிளாஸ்டிக் கசிவுகளுள் மிகப் பெரியது இது என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறியது. வெண்ணிற முழுவுடை அணிந்தவர்கள் பனிபோலக் குவிந்த குருணையை வாரும் படங்களும், வாயில் குருணை நிறைந்த மீனின் படமும் உலகெங்கும் சென்றன. ஆனால் தீயில் வெந்த பிளாஸ்டிக் கருத்தும் பழுத்தும் கல்லோடு கல்லாகக் கலந்தது. அதைப் படம் எடுத்தால் கற்களின் படமே கிடைக்கும். வெள்ளைக் குருணைகள் மணலுக்குள் புதைந்த பிறகு படங்களும் நின்றன. மணலில் அவை அப்படியே இருந்தன.

இக்குருணை ஆலையில் பிறந்து, இன்னோர் ஆலைக்குச் செல்லும் மூலப்பொருள். எந்த வீட்டுக்குள்ளும் அது நுழைந்ததில்லை. எவரும் பயன்படுத்தி எறியவில்லை. பல் துலக்கியும் சீப்பும் போத்தல் மூடியும் நிறைந்த கலைப்படங்களைப் பார்த்துப் பழகியவர், கடலின் நோய்க்கு வீட்டார் மட்டுமே காரணம் என்று எண்ணக்கூடும். நானும் வெகுகாலம் அப்படியே எண்ணினேன். குருணையின் படம் கூண்டில் வேறு ஆளை நிறுத்துகிறது. 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம் அக்கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அதே 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்த குருணைகள் குமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. சில வாரங்களுக்குப் பின் ஒரு திருமணத்துக்காகத் தேங்காய்ப்பட்டணம் சென்றிருந்தேன். அஸருக்குப் பிறகு கடற்கரையில் நடந்தபோது அலை விட்டுச்சென்ற கோட்டில் வெள்ளை மணிகள் தென்பட்டன. கந்தூரிக்குக் காய்ச்சிய பாயசத்தில் மிஞ்சிய ஜவ்வரிசியை எவரோ கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கார்க் நூலைப் படித்து, இவ்வளவும் யோசித்து வைத்திருந்தவனின் கண் அது. உடன் வந்த மச்சான் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் காட்டினார். நசுங்கவில்லை.

கைப்பேசியில் படமெடுத்தேன். நின்று எடுத்ததில் வெறும் மணல். குனிந்து எடுத்ததில் மணலில் சில வெண்புள்ளிகள். சோழி உடைந்த தூள் என்றாலும் பொருந்தும். மண்டியிட்டு மிக அருகில் வைத்து எடுத்ததில் எல்லாம் மங்கல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்த நிபந்தனைகள் ஒவ்வொன்றாக என் கையில் தவறிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஊருக்கு வந்தேன். கறுப்பு ரெக்ஸின் உறையிட்ட நாட்குறிப்பின் மேல் அவற்றைப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் எடுத்தபோது படம் தெளிவாக விழுந்தது. இரவு வானம் போல அழகாகவும் இருந்தது. பார்க்கரின் மேல் நான் சொன்ன குறை முழுவதும் அதில் இருந்தது. தேங்காய்ப்பட்டணம் இல்லை, அலைக்கோடு இல்லை, மச்சானின் நகமும் இல்லை.

ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். அதன் பின்புறத்தில் கடற்கரையின் பெயரையும், தேதியையும், கப்பலின் பெயரையும், பிடியில் இருந்த மணிகளை எண்ணி 213 என்ற எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன்.